தள்ளிப்போன அப்ரைசலையும் சம்பள உயர்வையும் மேலாளரிடம் கேட்பது எப்படி?

ஓசூர் சிப்காட்டிலோ பர்கூரிலோ ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 'ஸ்டாஃப்' பிரிவில் வேலை பார்ப்பவரின் நிலை சற்றுச் சங்கடமானது. அதே கூரையின் கீழ் வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தால், ஊதிய ஒப்பந்தக் காலம் முடியும்போது ஊதியம் பேசித் தீர்க்கப்படுகிறது. ஸ்டாஃபுக்கோ அப்ரைசல், அதாவது பணி மதிப்பீடு, நடந்தால்தான் உயர்வு. அது நடக்காமல் போனால் அவருக்காகக் கேட்க அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. தனியார் நிறுவனம் ஆண்டுதோறும் சம்பளத்தை உயர்த்தியே தீர வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் கிடையாது என்பதால், கேட்கும் முறையில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டைக் கேட்பதும் உயர்வைக் கேட்பதும் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள். அவற்றை இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். உங்கள் பிரிவு மேலாளருக்குப் பெரும்பாலும் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் இருக்காது, ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு எச்.ஆர். பிரிவுக்கு அனுப்பும் அதிகாரம் நிச்சயமாக இருக்கும். அவரால் தர முடியாததை எடுத்த எடுப்பிலேயே கேட்டால் 'மேலே பேசுகிறேன்' என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அவரால் செய்யக்கூடியதைக் கேட்டால் கோப்பு நகரும்.

கேட்பதற்கு முன் பணி நியமனக் கடிதத்தையும் கடைசியாகக் கிடைத்த உயர்வுக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். மதிப்பீடு எந்த மாதத்தில் நடக்கும் என்று எழுதியிருக்கிறதா, 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்ற வரி உள்ளதா என்பதைப் பொறுத்து உங்கள் பேச்சின் தொனி மாறும். ஒப்பந்ததாரர் வழியாக வேலையில் இருப்பவர், தம் சம்பளத்தைத் தீர்மானிப்பவர் லைன் சூப்பர்வைசர் அல்லர், ஒப்பந்ததாரரே என்பதை மறக்கக் கூடாது. பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும், அதனுடன் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும் அகவிலைப்படிக்கும் கீழே இருந்தால் அது அப்ரைசல் விஷயமே அன்று. தொழிலாளர் துறையிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம்.

அடுத்ததாக ஆதாரம். வீட்டு வாடகை ஏறிவிட்டது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கூடிவிட்டது என்பவை உண்மைதான், ஆனால் அவை எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றைக் காட்டி மேலாளர் மேலிடத்தில் வாதாட முடியாது. அவர் கையில் கொடுக்க வேண்டியது வேலையின் கணக்கு. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இதற்கான சான்றுகள் ஏற்கெனவே கிடக்கின்றன, பலரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. லைனுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கும் ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு எந்த இயந்திரம் தெரியும் என்று காட்டும் அட்டவணை) உங்கள் பெயருக்கு நேரே கடந்த மதிப்பீட்டின்போது எத்தனை இயந்திரங்கள் இருந்தன, இப்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை முறையை மேம்படுத்த நீங்கள் எழுதிக் கொடுத்த கைசன் தாள்கள், உங்கள் பொறுப்பில் குறைந்த ரிஜெக்‌ஷன், வாடிக்கையாளர் ஆடிட்டில் உங்கள் பகுதிக்குக் குறை எழுதப்படாமல் போனது, விடுப்பில் போனவரின் வேலையையும் சேர்த்துப் பார்த்த மாதங்கள் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் பக்கம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலரும் தமக்குத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாதம் 20,000 ரூபாய் வாங்குபவருக்கு 2023 ஏப்ரலுக்குப் பின் உயர்வே இல்லை, அந்த நிறுவனத்தில் வழக்கமான உயர்வு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகள் தவறியிருப்பதால் அவர் கேட்க வேண்டியது 21,200 அன்று. 6 சதவீதத்தின் மேல் மீண்டும் 6 சதவீதம் சேர்ந்த 22,472. இது சலுகை அன்று, உரிய காலத்தில் நடந்திருந்தால் வந்திருக்க வேண்டிய தொகை. பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ என்ன தருகிறார்கள் என்று ஒப்பிடுவதைவிட, அதே சிப்காட்டில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்பதைச் சொல்வது எடுபடும். பெங்களூருச் சம்பளத்தைச் சொன்ன மறுநிமிடமே 'அங்கே வாடகை என்ன தெரியுமா' என்று பேச்சு திசைமாறிவிடும்.

இதே எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஊதிய உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். முழுச் சம்பளமும் இந்தத் திட்டத்தின் கணக்கில் சேர்வதாக வைத்துக்கொண்டால், 20,000 வாங்கும்போது அவரிடம் 0.75 சதவீதமாக 150 ரூபாய் பிடிக்கப்படுகிறது, நிறுவனம் 3.25 சதவீதமாக 650 ரூபாய் செலுத்துகிறது. சம்பளம் 22,472 ஆனால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரை திட்டம் தொடரும், அதன் பிறகு அவர் அதிலிருந்து வெளியேறுவார். குடும்பத்துக்கே மருத்துவம் தந்த ஏற்பாடு போய்விடும். நிறுவனத்துக்கும் அந்த 650 ரூபாய் மிச்சமாகிறது என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லி, குழு மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்தையும் சேர்க்கும்படி அதே பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் தனிக் கோரிக்கையாகிவிடும்.

உயர்வு எந்தத் தலைப்பில் வருகிறது என்பதும் முக்கியம். மேற்சொன்னவரின் அடிப்படைச் சம்பளம் 12,000, பணிக்காலம் 8 ஆண்டுகள் என்றால், 15/26 கணக்கில் (மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்) அவருக்குரிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) சுமார் 55,400 ரூபாய். கூடுதல் தொகை முழுவதையும் படிகளிலேயே போட்டால் இது அப்படியே நிற்கும்; அடிப்படையும் அதே விகிதத்தில் உயர்ந்தால் 62,200 ஆகும். வருங்கால வைப்பு நிதியிலும் இரு தரப்பிலிருந்தும் மாதம் தலா 178 ரூபாய் கூடும். கைக்கு வருவது சற்றுக் குறையும், ஆனாலும் அடிப்படையில் சேர்க்கச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து.

நேரம் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசி வாரத்தில் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் நெருக்கடியில் இருக்கும் மேலாளரிடம் போகாதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் இருப்பவர்கள் பெங்களூரா ரக மாங்காய் லாரிகள் வாசலில் வரிசைகட்டும் ஜூன், ஜூலையைத் தவிர்த்து, சீசன் கணக்கு முடிந்தபின் கேட்கலாம்.

நேரில் பேசும் முன் ஒரு சிறு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். மேலாளர் தெலுங்கரோ கன்னடரோ வடஇந்தியரோ, அவர் தடையின்றிப் படிக்கும் மொழியில் இருக்கட்டும். தமிழில் என்றால் இவ்வளவு போதும்:

"ஐயா, வணக்கம். எனது கடைசிப் பணி மதிப்பீடு 2023 ஏப்ரலில் நடந்தது. அதற்குப் பின் 2024, 2025 ஆண்டுகளுக்கான மதிப்பீடு நிலுவையில் உள்ளது. இந்தக் காலத்தில் நான் செய்த பணிகளின் சுருக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இதுகுறித்துப் பேச வரும் வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சந்திப்பில் மதிப்பீடு பேசி முடிந்த பிறகே, "சார், ரெண்டு வருஷமா இன்கிரிமென்ட் வரல. சேர்த்துப் பார்த்தா 22,472 வருது. அதை நீங்க பரிந்துரை பண்ணணும்" என்று தொகையை வாய்விட்டுச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். தொகையைச் சொன்ன கையோடு 'முடிஞ்சா பாருங்க' என்று இழுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. அதுவே பாதியைக் கழித்துவிடும்.

'பார்க்கலாம்பா' என்ற பதில் வந்தால் கோபிக்காமல், எந்தத் தேதிக்குள் எச்.ஆருக்குப் போகும், நான் எப்போது மீண்டும் வந்து கேட்கலாம் என்று கேளுங்கள். அன்று மாலையே, பேசியதை இரண்டு வரியில் எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். 'இந்த ஆண்டு ஆர்டர் குறைவு' என்றால், தொகை பிறகு வந்தாலும் அமலுக்கு வரும் தேதி ஏப்ரல் என்றே இருக்கட்டும், நிலுவையைப் பின்னர் தரட்டும் என்று கேட்கலாம். வேறு நிறுவனத்தின் வேலைக் கடிதத்தைக் காட்டுவது, உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் செய்ய வேண்டியது.

சிறு பட்டறைகளிலும் கிரானைட் யூனிட்களிலும் கதை வேறு. அங்கே எச்.ஆர். இல்லை, படிவம் இல்லை, முதலாளியே எல்லாம். தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவரிடம், தீபாவளிக்குத் துணியும் போனஸும் தந்தவரிடம், சம்பளம் போதவில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோமோ என்று தோன்றுவது இயல்பு. உதவி வேறு, ஊதியம் வேறு. முன்பணம் திரும்பக் கழிகிற கடன். போனஸ் சட்டம் பொருந்தும் இடமாக இருந்தால், குறைந்தது 8.33 சதவீத போனஸும் அவர் கருணையில் தருவதன்று. நன்றியை முதல் வாக்கியத்தில் மனதாரச் சொல்லிவிட்டு, "அண்ணா, மூணு வருஷம் முன்னாடி நான் ஒரு மெஷின் பார்த்தேன், இப்ப மூணு பார்க்கறேன். சம்பளத்தையும் ஒரு பார்வை பாருங்க" என்று தனியாக இருக்கும்போது கேட்பதில் பிழையில்லை. மற்ற ஆட்கள் முன்னிலையில் கேட்டால் அவர் அனைவருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார், அதனாலேயே மறுப்பார்.

ஒப்புக்கொண்டால், புதிய தொகை, அமலுக்கு வரும் தேதி, அடிப்படை, படிகளின் பிரிவு ஆகியவை எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறு பட்டறை என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் நிலுவை தனி வரியாக இருக்கிறதா, வைப்பு நிதிப் பிடித்தம் புதிய அடிப்படைக்கு ஏற்ப மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறாவிட்டால் அடுத்த பட்டியல் தயாராகும் முன்பே சம்பளப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள்.