உப்பைத் தூவும் முன்: ஆப்பிரிக்க நத்தைக் குட்டியா, நம் ஊர் நத்தையா?

மழை விட்டதும் தோட்டத்தில் ஊரும் எல்லா நத்தைகளையும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்று நினைத்து உப்பைக் கொட்டிவிடுகிறார்கள். 1847-இல் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது பயிரை அழிப்பது உண்மைதான், ஆனால் அதோடு சேர்ந்து நம் மண்ணின் நத்தைகளும் வீணாகச் சாகின்றன. கைப்பிடி அளவு வளர்ந்ததில் சந்தேகமே வராது. குழப்புவது குட்டிகள்தான்.

முதலில் கையுறை. எலியின் நுரையீரல் புழுவை நத்தைகள் சுமக்கும், அது மனிதருக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரும், அதனால் பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சரி, தலையைப் பாருங்கள். இரண்டே கொம்புகள், அவற்றின் அடியில் கண், உடலை உள்ளே இழுத்துக்கொண்டால் ஓட்டின் வாயை அடைக்கும் மூடி என்றால் அது சைக்ளோஃபோரஸ் போன்ற வேறு கூட்டம், விட்டுவிடுங்கள். நான்கு கொம்புகள், மேல் கொம்புகளின் நுனியில் கண் என்றால் அடுத்த படி.

ஓட்டின் உருவம். உயரத்தைவிட அகலம் அதிகமாக, தட்டையாக, அடிப்பக்க நடுவில் சிறு துளையோடு இருந்தால் அது ஆப்பிரிக்க நத்தை இல்லை. நம் சமவெளியில் சாதாரணமாகத் தெரியும் கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ், மெல்லிய பளபள ஓடுள்ள மேக்ரோக்ளாமிஸ் இரண்டும் இந்த வகை. மேக்ரோக்ளாமிஸ் ஊரும்போது வால் நுனியில் ஒரு சின்னக் கொம்பும் தெரியும்.

உயரமான கூம்பு ஓடு என்றால்தான் கவனம் வேண்டும். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, வாயின் உள்பக்க ஓரமாக இறங்கும் நடுத்தண்டின் கீழ்முனையைப் பாருங்கள். ஆப்பிரிக்க நத்தையில் அது கத்தியால் வெட்டினாற்போலச் சட்டென்று முடிந்துவிடும், குட்டியிலும் அப்படித்தான். மரத்தில் ஒட்டியிருக்கும் ராக்கிஸ் நத்தைகளும் கூம்புதான், ஆனால் அவற்றில் இந்த வெட்டு கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு முக்கியமாக ஒரு சிக்கல்: அங்குள்ள கிளெசுலா நத்தைகளுக்கும் இதே வெட்டு உண்டு! அப்போது ஓட்டின் சுருள் சுற்றுகளை எண்ணுங்கள். கிளெசுலா சிறிதாக, ஒல்லியாக, பளபளவென்று, பெரும்பாலும் ஒரே பழுப்பாக இருந்தாலும் சுற்றுகள் நிறைய இருக்கும். அதே உயரமுள்ள ஆப்பிரிக்கக் குட்டி பருமனாக, குறைவான சுற்றுகளோடு, மேலிருந்து கீழாகப் பழுப்புத் தீற்றல்களோடு இருக்கும்.

இன்னும் சந்தேகமா? வாய்ப்பக்கம், மேல்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள், அப்புறம் நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.