பின்விளக்கு குழப்பமா? முதலில் எர்த்தைப் பாருங்கள்
பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்கினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டினாலோ, பல்பு வாங்கும் முன் ஹோல்டரின் எர்த் முனையையும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் முனை) பேட்டரி நெகட்டிவையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். (வயர் பாசிட்டிவ் முனையில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும், கவனம்.) விளக்குகள் ஒழுங்காக எரிந்தால் கோளாறு எர்த்தில்தான், துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

21/5 வாட் பல்பில் பிரேக்குக்கும் டெயிலுக்கும் தனித்தனி இழைகள், ஆனால் எர்த் பொது. அது விட்டுப்போனால் மின்சாரம் அடுத்த இழை வழியாகத் திரும்பப் பார்க்கும்.

பிரேக் லைட் மட்டும் எரியவே இல்லை என்றால் இது பொருந்தாது. அப்போது பல்பு, ஃபியூஸ், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். சீல் செய்த எல்இடி விளக்குகளிலும் இந்த அறிகுறிகளை அப்படியே எதிர்பார்க்க முடியாது.