மாத்திரையா, தூக்கமா? கணினிச் சோதனையில் நேரும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வலிப்புக்கோ மனநலத்துக்கோ மாத்திரை தொடங்கப்போகும் மீனவருக்கு, ஆள் ஓய்வாக இருக்கிறாரே என்று அப்போதே கணினியில் கவனமும் நினைவும் சோதித்து வைக்கிறோம். அடுத்த சோதனை ஜூலையில். ராத்திரி முழுக்க வலை இழுத்துக் கரையேறியவர், குளித்த கையோடு திரைமுன் வந்து உட்காருகிறார். மதிப்பெண் சரிகிறது. "மாத்திர போட்டதுலேர்ந்து மண்ட மந்தமாயிருச்சு" என்று வீட்டில் முடிவே கட்டிவிடுகிறார்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். அன்று நாம் அளந்தது அவர் இழந்த தூக்கத்தை.

திரையில் புள்ளி தெரிந்ததும் பொத்தானை அழுத்த, தூங்கி எழுந்த ஆளுக்கு ஏறக்குறைய கால் வினாடி போதும். பத்து நிமிட விழிப்புச் சோதனை ஒன்று உண்டு. அதில் 500 மில்லிவினாடி ஆகிவிட்டாலே கவனம் தப்பியதாகக் குறிப்பார்கள். தூக்கம் கெட்டவருக்கு இந்தத் தப்புகள் மளமளவென்று கூடும். சளிக்கு வாங்கிப் போடும் குளோர்பெனிரமைன் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். ஆகவே நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார், கடைசி மாத்திரை எப்போது, வேறு மாத்திரை, டீ, மது உண்டா என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, இரண்டு முறையும் நாளின் அதே நேரத்தில் வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. இரண்டாம் முறை உட்காரும்போது சோதனையே பழகிப்போயிருக்கும்; மாத்திரை ஒன்றும் செய்யாவிட்டாலும் மதிப்பெண் ஏறும். மருந்து ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெறும் குழுவோடு ஒப்பிட்டு இந்த ஏற்றத்தைக் கழிப்பார்கள். நம்மிடம் அப்படி ஒரு குழு கிடையாது. மருந்து தொடங்கும் முன்பே இரண்டு முறை செய்ய வைத்து, முதல் முறையைப் பயிற்சி என்று ஒதுக்குங்கள். நினைவைச் சோதிக்கக் கொடுக்கும் சொற்பட்டியலையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களை நினைத்தால் எனக்குக் கூடுதல் கவலை. விரலில் துணி சுற்றிப் பாறையில் வேலை செய்தாலும் தோல் வெடித்துக் காய்த்திருக்கும். தொடுதிரை அந்த விரலைச் சில நேரம் உணர்வதே இல்லை. அவர் உடனே தொட்டிருப்பார், கருவி தாமதம் என்று பதியும். அவர்களுக்குப் பொத்தான்தான் நியாயம். கருவியையும் நடுவில் மாற்றக் கூடாது: வழக்கமான திரை 17 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், தொடுதலை உணரும் வேகமோ போனுக்குப் போன் வேறு. கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவர், பின்னால் நின்று விடை சொல்லும் மகன், இதையெல்லாம் முதலிலேயே கவனித்துவிடலாம். போனில் கிடைக்கும் மூளை விளையாட்டு எதையும் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையே காரணமாக இருப்பதும் உண்டு. மனநல மருந்தால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் தரும் ட்ரைஹெக்சிபெனிடில், குறிப்பாக வயதானவர்களுக்கு, நினைவை மங்கவைக்கும். வலிப்புக்குத் தரும் டோபிராமேட் எடுப்பவர் சிலருக்குச் சொல் நாவில் வராமல் நிற்கும். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்துக்கு லெவோடோபா எடுப்பவருக்கோ, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தே கை வேகம் மாறும். அதனால் முதல் சோதனைக்கு விட்ட அதே இடைவெளியில்தான் அடுத்ததையும் வைக்க வேண்டும்.

எண் குறைந்தது என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய பயம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், அதுவும் நடுக்கடலில், படகின் விளிம்பில் நிற்கும்போது. மதிப்பெண்ணையும் தூக்கக் குறிப்பையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அளவைக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ வேறு மருந்து தரவோ அவருக்கு வழி இருக்கிறது.