பழைய பொருளை ஆன்லைனில் வாங்கும் முன் டார்ச் அடித்த படம் கேளுங்கள்

'நல்ல நிலையில் உள்ளது' என்ற ஒரு வரியை நம்பிப் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வெளியே பளபளவென்றுதான் இருந்தது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! மனசே விட்டுப்போச்சு.

இப்போதெல்லாம் பணம் கட்டும் முன் ஒரு படம் கேட்டு வாங்கிவிடுகிறேன். லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து எடுத்த படம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, பயமில்லை. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தால், எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.

அப்புறம் பேட்டரி. 1960, 70களில் வந்த பல கேமராக்களின் ஒளிமானி, அதாவது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரிகளின் தயாரிப்பு நின்றுவிட்டது. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் ஒளியளவு தப்பாகக் காட்டலாம். 'மீட்டர் வேலை செய்கிறது' என்று சொன்னால், எந்த பேட்டரியில் என்று கேளுங்கள்.

பித்தளைப் பொருளா? காந்தம் வைத்து ஒரு வீடியோ போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு.

நீங்கள் விற்பவர் என்றால் கீறல், விரிசல், பெயர்ந்த பெயிண்ட் எல்லாவற்றையும் முதல் படங்களிலேயே காட்டிவிடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தால் 'இவ்வளவு சின்னதா?' என்ற சண்டையும் வராது. பார்சலைப் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுங்கள், நடுவில் நான்கு விரல் அளவுக்குக் காகிதம் திணித்து.