காபி பாக்கெட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது

மலை, மூடுபனி, பழம் பறிக்கும் பெண்கள் என்று பாக்கெட்டின் முன்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்தக் கொட்டை எங்கே விளைந்தது, எத்தனை கை மாறி நம் டபராவுக்கு வந்தது என்று தெரிய வேண்டுமானால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அப்புறம் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சமே வேண்டாம். கிலோவுக்கு நாம் இன்று கொடுக்கும் விலைக்கு இது நியாயமான கேள்விதான்.

முதலில் சிக்கரி, அதாவது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். தூளாக வாங்குபவர்கள் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டும் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆக, முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'குடகு காபி' என்று இருந்தாலும் பின்பக்கத்தில் 60:40 என்று இருந்தால் உள்ளே இருப்பதில் 40 பங்கு காபியே இல்லை. இந்தியாவில் சிக்கரி அதிகம் விளைவது குஜராத்தில், அதனால் அந்த 40 பங்குக்கும் குடகுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சிக்கரி கெட்டது என்று சொல்லவில்லை, ஃபில்டர் காபிக்கு அந்தக் கெட்டியும் நிறமும் பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கொட்டையின் ஊர் தெரிந்து குடிக்க வேண்டும் என்றால் சிக்கரி இல்லாததை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து மேலே அரை ஸ்பூன் தூளைத் தூவிப் பாருங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளிலேயே பழுப்பு இழை விட்டுக்கொண்டு கீழே இறங்கும்.

அடுத்து, கடையில் எல்லோரும் சொல்லும் 'பிளாண்டேஷன் ஏ', 'பிபி', 'செர்ரி'. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கடைக்காரர் ஏமாற்றாமலேயே. 'பிளாண்டேஷன்' என்று இருப்பதால் ஏதோ ஒரு குறிப்பிட்ட தோட்டத்துக் கொட்டை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தியக் காபி வியாபாரத்தில் அதற்குப் பொருள், பழத்தோலை நீக்கி, கழுவி, காயவைத்த அராபிகா, அவ்வளவுதான். (அராபிகா, ராபஸ்டா இரண்டும் காபிச் செடியின் இரு இனங்கள்.) அதே போல் கழுவிப் பதப்படுத்திய ராபஸ்டாவுக்கு 'ராபஸ்டா பார்ச்மெண்ட்' என்று பெயர், பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தால் அது 'செர்ரி'. ஏ, பி, சி என்பதெல்லாம் முக்கியமாகச் சல்லடைக் கணக்கு, கொட்டை எவ்வளவு பெரியது என்பது. பிபி என்றால் பீபெரி, ஒரு பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தது. உள்ளங்கையில் பத்துக் கொட்டையைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்: மற்றதெல்லாம் ஒரு பக்கம் தட்டை, பீபெரி மட்டும் மிளகு மாதிரி உருளும். ஆக, 'பிளாண்டேஷன் பிபி' என்றால் கழுவிய அராபிகா, உருண்டைக் கொட்டை. ஊர்ப்பேச்சே அதில் இல்லை. அது ஏற்காடாகவும் இருக்கலாம், வால்பாறையாகவும் இருக்கலாம், சிக்மகளூராகவும் இருக்கலாம். 'மைசூர் நகட்ஸ் எக்ஸ்ட்ரா போல்ட்' என்பதும் பெரிய கொட்டைக் கழுவிய அராபிகாவின் உயர்தர வகைப்பெயர்தான், மைசூரில் விளைந்தது என்று அர்த்தமில்லை. 'கும்பகோணம் டிகிரி காபி'யும் அப்படித்தான், கும்பகோணத்தில் காபித் தோட்டம் கிடையாது.

சரி, ஊர்ப்பெயருக்கு ஏதாவது சட்டக் காவல் உண்டா என்றால், சில பெயர்களுக்கு உண்டு. 2019 மார்ச்சில் குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, வயநாடு ராபஸ்டா, ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா என்று ஐந்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மங்களூர் பக்கத்துக் கடலோரக் கிடங்குகளில் மழைக்காற்று படவைத்து ஊதவைக்கும் மான்சூன்டு மலபாருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, பதிவு விவரங்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பாக்கெட்டில் குறியீட்டு முத்திரை இருந்தால், விற்பவர் அதைப் பயன்படுத்தப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ஆனால் குறியீடு வட்டாரம் வரைக்கும்தான் கூட்டிப்போகும், தோட்டத்து வாசலில் கொண்டுபோய் விடாது.

அதற்கு மேலே போகத்தான் 'சிங்கிள் ஆரிஜின்' என்று போடுகிறார்கள். இந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை எதுவும் இல்லை. ஒரே நாடு என்றாலும் சிங்கிள் ஆரிஜின், ஒரே மாவட்டம், ஒரே எஸ்டேட், எஸ்டேட்டுக்குள் ஒரே ஒரு பாத்தி என்றாலும் சிங்கிள் ஆரிஜின். 'சிங்கிள் ஆரிஜின் இந்தியா' என்று மட்டும் போட்டு விலையை ஏற்றினால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

கொட்டையின் தடம் எங்கே அறுந்துபோகிறது என்று தெரிந்தால் கேள்வி கேட்பது சுலபம். இந்தியாவில் காபி பயிரிடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அவர்கள் காயவைத்த பழத்தை மூட்டை கட்டிப் பக்கத்து ஊர் வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி பலருடைய மூட்டைகளை ஒன்றாகக் கொட்டி கியூரிங் ஆலைக்கு அனுப்புவார். சிக்மகளூர், ஹாசன், குஷால்நகர், நம் பக்கம் பட்டிவீரன்பட்டி, இங்கெல்லாம் இந்த ஆலைகள் உண்டு. அங்கே தோல் உடைத்து, சல்லடையில் பிரித்து, கறுப்பும் உடைசலும் பொறுக்கி எடுத்த பிறகு மூட்டையில் இருப்பது தரம் மட்டும்தான். யாருடைய கொட்டை என்று அதற்குப் பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. தடம் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆலைக்குள் நுழையும்போதே அந்தத் தோட்டத்துச் சரக்குக்குத் தனி லாட் எண் போட்டு, தனியாகவே ஓட்டி, தனியாகவே மூட்டை கட்ட வேண்டும். இதற்குச் செலவு அதிகம், அதனால்தான் தோட்டப்பெயர் உள்ள காபி விலை கூடுகிறது.

அதற்காகப் பெரிய எஸ்டேட் பெயர் இருந்தால்தான் நேர்மையான காபி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து விற்பது போல, ஒரு கூட்டுறவின் பெயரும் ஊர்களின் பெயரும் இருந்தால் அதுவும் நல்ல தடம்தான். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும், ஏனென்றால் காசு யாருக்குப் போகிறது என்பதும் அதில் ஓரளவு தெரிகிறது.

நன்றாக எழுதிய பாக்கெட்டில் மாவட்டம், தோட்டம் அல்லது கூட்டுறவு, கடல் மட்டத்திலிருந்து உயரம், செடி ரகம், பதப்படுத்திய முறை, அறுவடைப் பருவம், லாட் எண், வறுத்த தேதி இவ்வளவும் இருக்கும். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே சரிபார்க்கலாம். இந்தியாவில் அராபிகா பெரும்பாலும் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்திலும், ராபஸ்டா 500 முதல் 1000 மீட்டரிலும் விளைகிறது. வயநாடு ராபஸ்டா, 1600 மீட்டர் என்று போட்டிருந்தால் யாரோ யோசிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ரகம் 'செலக்‌ஷன் 795', 'செலக்‌ஷன் 9', 'சந்திரகிரி' என்று இருந்தால் அது அராபிகா, 'சி இன்டு ஆர்' என்று இருந்தால் ராபஸ்டா பக்கம். அராபிகா அறுவடை பொதுவாக நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும், ராபஸ்டா அதற்குப் பின்னால் வரும். அதனால் ஆகஸ்டில் 'இப்போதுதான் பறித்தது, கர்நாடக அராபிகா' என்று விற்றால் நம்ப வேண்டியதில்லை, இப்போதுதான் வறுத்தது என்றால் நம்பலாம். பேக் செய்த தேதி மட்டும் போட்டு வறுத்த தேதி போடாத பாக்கெட்டை நான் எடுப்பதில்லை.

முத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இந்தியா ஆர்கானிக்', 'ஜைவிக் பாரத்' இரண்டும் இயற்கை விவசாய முத்திரைகள்; எப்படி விளைந்தது என்பதற்கான சான்று, எங்கே என்பதற்கு அல்ல. ஃபேர்டிரேட் முத்திரை விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை பற்றியது, காபியில் அந்தச் சரக்கைத் தனியாகவே வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவர்கள் விதி. 14 இலக்க உணவு உரிம எண் வறுத்தவர், பேக் செய்தவர் யார் என்று காட்டும், தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இனி வரும் நாட்களில் இந்த விவரமெல்லாம் கேட்டால் கிடைக்கும் நிலை வரலாம். காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சட்டப்படி, அங்கே போகும் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்ற இட ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை)க் கொடுத்தாக வேண்டும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு வெட்டிய நிலமாக இருக்கக் கூடாது. அமலுக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், நம் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதி ஆவதால் தோட்டங்களில் அந்தக் கணக்கெடுப்பு வேலை தொடங்கிவிட்டது. வெளிநாட்டுக்காரர் கேட்டால் தரும் விவரத்தை நாம் கேட்டாலும் தரட்டுமே.

கடையிலோ, இணையத்தில் விற்பவரிடமோ இப்படிக் கேளுங்கள்: "இது எந்தத் தோட்டம் அல்லது எந்த ஊர்க் கொட்டை? எந்த ஆலையில் கியூர் ஆனது? லாட் எண் என்ன? எந்தப் பருவத்து அறுவடை?" நான்கில் இரண்டுக்காவது தடுமாறாமல் பதில் வந்தால் கால் கிலோ வாங்கிப் பாருங்கள். "நாலைந்து தோட்டத்துச் சரக்கைக் கலந்துதான் தருகிறோம், எங்கள் ருசி அப்படித்தான் வரும்" என்று வெளிப்படையாகச் சொல்பவரிடமும் தயங்காமல் வாங்கலாம். "எல்லாம் எங்கள் சொந்த எஸ்டேட்தான்" என்று சொல்லிவிட்டு எஸ்டேட் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.