புரோக்கர் மூழ்கிவிட்டால் முதலில் என்ன செய்வது

எங்கள் பங்குச்சந்தை புரோக்கரின் கிளைக்குப் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. முப்பது வருடச் சேமிப்பும் போய்விட்டதென்று மாமனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பங்குகள் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை அன்று இரவே செல்போனில் அவருக்குக் காட்டினேன். நீங்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பங்குகள் புரோக்கரிடம் இருப்பதில்லை. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் நிறுவனத்தில், உங்கள் பெயரில் இருக்கின்றன. அங்கே உங்களுக்குள்ள கணக்குதான் டீமேட். அதன் எண் 'ஐஎன்' என்று தொடங்கினால் என்எஸ்டிஎல். பதினாறு இடங்களிலும் எண்களே இருந்தால் சிடிஎஸ்எல். முன்னதில் 'ஐடியாஸ்', பின்னதில் 'ஈஸி' என்ற சேவையில் நீங்களே பதிவு செய்து பார்க்கலாம். புரோக்கரின் ஆப் காட்டும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 2019-ல் கார்வி என்ற புரோக்கர் நிறுவனம் வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து அவர்கள் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது. நவம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை விதித்தது. டிசம்பர் தொடக்கத்தில் 80,000-க்கும் மேற்பட்டவர்களின் பங்குகள் அவரவர் கணக்குக்குத் திரும்பின. ஆனால் அந்த நாட்களில் அவர்கள் பட்ட பாடு! பழைய பவர் ஏதாவது இன்னும் உயிரோடு இருந்தால் இன்றே எழுதிக் கொடுத்து ரத்து செய்யுங்கள். விற்கும்போது டிபின் என்ற ரகசிய எண், ஓடிபி போட்டுக்கொள்ளலாம்.

சரி, பங்குகள் பத்திரமாக இருக்கின்றன. வேறு புரோக்கரிடம் டீமேட் திறந்து, அவர் தரும் கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட்டோடு (புதுக் கணக்கின் விவரத் தாள்) அங்கே மாற்றிவிடுங்கள். பழையவர் பதிலே சொல்லாவிட்டால் டெபாசிட்டரிக்கு நேரடியாகப் புகார் எழுதுங்கள்.

உண்மையான ஆபத்து பணத்துக்குத்தான். மாமனார் பங்கு விற்ற 40,000 ரூபாய் டிரேடிங் கணக்கிலேயே கிடந்தது. அதற்காகத்தான் மாதக்கணக்கில் அலைந்தோம். புரோக்கரை 'டிஃபால்டர்' (கடமையைத் தவறியவர்) என்று அறிவித்ததும், இத்தனை தேதிக்குள் கோரிக்கை அனுப்புங்கள் என்று பங்குச்சந்தை அறிவிப்பு வெளியிடும். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். காண்ட்ராக்ட் நோட் (வாங்கி விற்றதற்கான சீட்டு), லெட்ஜர் (புரோக்கரிடம் உள்ள வரவு செலவுக் கணக்கு), பணம் அனுப்பியதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். புரோக்கரின் சொத்து போதாவிட்டால் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து ஒரு வரம்பு வரை கிடைக்கும். மாதம் இவ்வளவு வட்டி தருகிறேன் என்று புரோக்கர் வாங்கிய பணத்துக்கு இந்த நிதி கிடையாது. பங்கு விலை இறங்கிய நஷ்டத்துக்கும் கிடையாது.

மாமனாருக்கு எல்லாமே காகிதத்தில் இருந்ததால் பணம் வந்தது. இப்போது விற்றவுடன் பணத்தை வங்கிக்கு மாற்றிவிடுகிறார். பங்குச்சந்தையிலிருந்து வாரந்தோறும் வரும் இருப்பு எஸ்எம்எஸ்ஸை லெட்ஜரோடு ஒப்பிட்டு, ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்.