வெட்டுத்துணியில் ஒரு ஊசியிலை மரம்

தைத்து மீந்த பச்சைத் துணிகளைத் தூக்கிப் போடாதீர்கள், சின்னத் துண்டுகூட இந்த மரத்தின் உச்சிக்கு ஆகும். காகிதத்தில் வரைந்த கோட்டின் மேல் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுக்கும் ஒட்டுத்துணி வேலை இது. மெல்லிய காகிதத்தில் மூன்று அடுக்கு முக்கோணமும் அடியில் தண்டும் வரைந்து, ஒவ்வொரு அடுக்கையும் சுற்றிலும் கால் அங்குலம் விட்டுத் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

காகிதத்தின் கோடு இல்லாத பக்கத்தில் பச்சைத் துணியை நல்ல பக்கம் மேலே தெரிய வைத்து, அதன்மேல் வானத்துக்கான வெள்ளைத் துணியைக் கவிழ்த்து, காகிதத்தைத் திருப்பிக் கோட்டின் மேலேயே தையுங்கள். தையல் நீளம் 1.5 மி.மீ. போதும், பொடித் தையலாக இருந்தால்தான் கடைசியில் காகிதம் அஞ்சல்தலை மாதிரி சுலபமாகக் கிழியும்.

சாய்வுக் கோடுதான் ஆளை ஏமாற்றும். வைக்கும்போது துணி தாராளமாகத் தெரியும், தைத்து விரித்தால் மூலையில் காகிதம் எட்டிப்பார்க்கும். அதனால் தைப்பதற்கு முன் கோட்டிலேயே குண்டூசி குத்தி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் தைத்து, கால் அங்குலம் விட்டு நறுக்கி, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டு, அப்புறம் முக்கோணத்தின் மறுபக்கச் சாய்வுக் கோட்டையும் இதே மாதிரி தையுங்கள்.

எல்லா அடுக்கையும் தண்டோடு சேர்த்துத் தைத்த பிறகே காகிதத்தைக் கிழியுங்கள்.